ஆற்றோரம் டென்ட் அடிக்க இடம் கேட்ட 14 பேருக்கு

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. 14 பேர், இரண்டு இரவு, பெப்ரவரி இரண்டாவது வாரக் கடைசி. "தண்ணிக்குப் பக்கத்தில, மரம் செடியோட, ஆள் நடமாட்டம் இல்லாத, காசு கட்டத் தேவையில்லாத இடம் ஒண்டு சொல்லுங்கண்ணே." உங்களுக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாதத்துக்கு நாலு கூட்டம் இதே வசனத்தை, இதே வரிசையில், கேட்கிறது. கொழும்பிலிருந்து கேட்கிறார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறார்கள், மட்டக்களப்பிலிருந்து பஸ் பிடித்தே வந்து ஹட்டன் ஸ்டேண்டில் நின்று கேட்டவர்களும் உண்டு. அதனால் உங்கள் பேரில் எல்லாருக்குமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் வேன் ஓட்டுகிறேன். பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில், அதாவது தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீட்டில். டென்ட் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை ஏற்றி இறக்கி, அவர்கள் விட்டுப்போன குப்பையை ஏற்றி இறக்கி, இரவு 11 மணிக்கு "அண்ணே எங்களக் கூட்டிட்டுப் போங்க" என்ற அழைப்புக்கு மழையில் ஓடிப்போய்த்தான் எனக்கு இந்த விஷயம் தெரியும். படித்துத் தெரிந்ததில்லை.

நீங்கள் கேட்ட நாலில் இரண்டு சரி, காசு விஷயம் கடைசியில் வருகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்பது மட்டும் இங்கே இல்லை. மலையகத்தில் ஒரு இடத்தில் ஆளே இல்லை என்றால் ஒன்று ஆட்கள் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் திரும்பி வருவார்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று ஊருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது வகை இடம்தான் படத்தில் ரொம்ப அழகாக இருக்கும்.

இடம் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான். மேலே என்ன இருக்கிறது, கீழே யார் இருக்கிறார்கள்? தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது தாய்ப்பாலோடு வந்த கணக்கு. எங்களுக்கு மேட்டு லயம் என்று ஒன்று, பணிய லயம் என்று ஒன்று. மேட்டு லயத்தில் சட்டி கழுவி ஊற்றினால் அது கானு வழியாக ஓடி வந்து பணிய லயத்து வாசலில் நிற்கும். எங்கள் அம்மா பணிய லயத்துக்காரி. அதற்காக எத்தனை சண்டை போட்டிருப்பாள் என்று எனக்குத்தான் தெரியும், அதிலும் பாதிச் சண்டை தன் சொந்த அக்காவோடு.

மேலே இருப்பதிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் உயிர் போகிறது.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு, ஆற்றுக்கு நடுவில் பெரிய பெரிய பாறைகளும் பக்கத்தில் வெள்ளை மணலும் உள்ள இடம். தண்ணீர் கணுக்கால் அளவு. யாருக்கும் ஆசை வரும். ஆனால் இந்தப் பக்கத்து ஆறுகள் சும்மா ஓடுகிற ஆறுகள் இல்லை, வேலைக்குப் போகிற ஆறுகள். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம். மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை நீர்த்தேக்கம். காசல்ரீத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் இறங்கி விமலசுரேந்திர மின் நிலையத்துக்குப் போய் நோர்ட்டன் பிரிட்ஜ் குளத்தில் விழுகிறது, அங்கிருந்து பழைய லக்ஷபானவுக்கு. மவுசாக்கலைத் தண்ணீர் கெனியன் மின் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து புதிய லக்ஷபானவுக்கு. இரண்டும் லக்ஷபானவில் சேர்ந்து, திரும்பவும் சுரங்கத்துக்குள் நுழைந்து, பொல்பிட்டியவில் வெளியே வந்து, அப்புறம்தான் கித்துல்கலைப் பக்கம் களனி ஆறு என்று பெயர் வாங்குகிறது. ஒரே தண்ணீர், இத்தனை இடத்தில் கரன்ட் எடுத்துவிட்டுத்தான் கடலுக்கு விடுகிறார்கள்.

இதனால் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடையே உள்ள ஆறு, தண்ணீர் சுரங்கத்துக்குள் போய்விடுவதால், வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும். அந்தப் பாறைகளும் மணலும் அதனால்தான் அப்படி இருக்கின்றன. மேலே மலையில் மழை கொட்டிக் குளம் நிரம்பினால் வான்கதவு திறக்கும், அல்லது தண்ணீர் தானாகவே வழியும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளி மழை இருக்காது. ஒலி எழுப்புவார்கள், ரேடியோவில் சொல்லுவார்கள், எல்லாம் சரி. ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருப்பீர்களே.

மின் நிலையத்துக்குக் கீழே இருக்கும் ஆறு வேறு மாதிரி. அதற்கு மழையே தேவையில்லை. நாட்டில் கரன்ட் அதிகமாகச் செலவாகும் நேரம் மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை. எல்லா வீட்டிலும் லைட், டிவி, இஸ்திரிப் பெட்டி. அந்த நேரம் பார்த்துத்தான் நீர் மின் நிலையங்களை முழு வேகத்தில் ஓட்டுவார்கள், வேண்டிய நேரத்தில் சட்டென்று கூட்டவும் குறைக்கவும் முடிவது நீரில்தான். ஆகவே நீங்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டி நூடில்ஸ் வேக வைக்கிற அதே நேரத்தில், வானம் நட்சத்திரமாகக் கிடக்கும்போதே, ஆறு ஏறும்.

எனக்கு இது எப்படித் தெரியும்? 19 வயதில் நாங்கள் ஐந்து பேர், ஒரு மின் நிலையத்துக்குக் கீழே, ஆற்றுக்கு நடுவில் இருந்த திட்டில், டென்ட் என்று சொல்ல முடியாது, ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிப் படுத்தோம். கோழிக்கறி வெந்துகொண்டிருந்தது. முதலில் சத்தம் மாறியது. சலசல என்று இருந்தது கனமாகி உருமல் மாதிரி ஆனது. ஒருவன் சொன்னான், காற்று என்று. பத்து நிமிஷம் கழித்து நாங்கள் தாண்டி வந்த கல் ஒன்றையும் காணோம். இடுப்பளவு தண்ணீரில் கை கோத்துக்கொண்டு கரைக்கு வந்தோம், கறிச் சட்டி போனது, என்னுடைய ஒரு சப்பாத்து போனது, தார்ப்பாய் போனது. அது பக்கத்து வீட்டு மாமாவுடையது, அதற்கு மூன்று மாதம் கடன் கட்டினேன். யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, எச்சரிக்கைப் பலகை இருந்தது, நாங்கள் அதில்தான் சட்டையைத் தொங்கவிட்டிருந்தோம். ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். அந்த நேரத்தில் எங்கள் லயத்துக்குக் கரன்ட் கிடையாது, குப்பி விளக்குத்தான். கொழும்பில் லைட் போட எங்கள் ஆறு ஏறியது, நாங்கள் இருட்டில் வீட்டுக்கு நடந்தோம்.

அதனால் ஆற்றோரம் என்றால் கரையில், பாறையில் தெரியும் கறுத்த தண்ணீர்க்கோட்டுக்கு மேலே, முள்ளிலும் வேரிலும் பழைய குச்சியும் பொலித்தீனும் சிக்கியிருக்கும் உயரத்துக்கும் மேலே. அந்தக் குப்பை எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வந்திருக்கிறது. நடு ஆற்றுத் திட்டு வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

குளக்கரையும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும் கதை. மார்ச், ஏப்ரலில் நீர்த்தேக்கம் வற்றும்போது பெரிய மைதானம் மாதிரி நிலம் வெளியே வரும், புல்லும் முளைத்திருக்கும். மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு, காலை வைத்தால் முழங்கால் வரை வாங்கும் இடங்கள் உண்டு. கரையைப் பாருங்கள். மரமோ தேயிலையோ தொடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும், அதற்குக் கீழே வெறும் செம்மண். அந்தக் கோடுதான் குளத்தின் நிஜமான எல்லை. குளிக்கிற விஷயமும் அப்படியே, இவை குளம் இல்லை, தண்ணீர் நிரப்பிய பள்ளத்தாக்கு. இரண்டு அடி வைத்தால் இடுப்பு, மூன்றாவது அடியில் பாதாளம், அடியில் வெட்டிய மரத்தின் கட்டைகள். நீந்தத் தெரிந்தவர்கள்தான் அதிகம் போயிருக்கிறார்கள்.

மவுசாக்கலை வற்றினால் இன்னொன்றும் வெளியே வரும். 1969 இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. வறட்சியில் கோயிலின் கல்லும் பள்ளிவாசலும் விகாரையும் தலை தூக்கும். ஊர்ச் சனம் போய்ச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வரும், எங்கள் தாத்தாவின் கடை அங்கேதான் எங்கேயோ இருந்தது என்று அப்பா கையை நீட்டி நீட்டிக் காட்டுவார், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் காட்டுவார். சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டம் அந்தக் கோயில் சுவரோடு சேர்த்து டென்ட் அடித்துப் பியர் டின்னை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தது. யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு பாட்டி போய் அந்த டின்களைப் பொறுக்கிச் சேலை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளுக்கு அது இடிந்த சுவர், அதற்கு மேல் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, மழை. எந்த மாதம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இடம் தேடுவது வீண் வேலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன், மஸ்கெலியா எல்லாம் ஊறிப்போய்க் கிடக்கும், அந்த மாதங்களில் இந்தப் பக்கம் டென்டோடு வருகிறவனை நான் ஏற்றுவதே இல்லை. அதே நேரம் மலையைத் தாண்டினால் ஊவாப் பக்கமும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவும் காய்ந்திருக்கும், காற்றுத்தான் டென்டைப் பிய்க்கும், பத்தனைப் புல் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவம், கதை திரும்பிவிடும், நக்கிள்ஸில் மழை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வெயில் அடித்து மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும், அப்போது மொட்டை மலையுச்சியில் கம்பி ஊன்றிய டென்டுக்குள் உட்காராதீர்கள். நீங்கள் கேட்ட பெப்ரவரி எங்கள் பக்கத்துக்கு நல்ல மாதம், அதில் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் இரவில் பல் கிட்டும். நுவரெலியா, அம்பேவளைப் பக்கம் புல் மேல் உறைபனியே விழும். குளிர் தண்ணீர் மாதிரி, மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தங்கும். பள்ளத்தில் படுத்தால் விடியும்வரை நடுங்குவீர்கள், 20 அடி மேலே ஏறிப் படுத்தால் தூங்குவீர்கள். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வேறு, சனி இரவில் நல்லதண்ணி ரோட்டில் மாட்டினால் டென்ட் அடிப்பது விடியற்காலையில்தான்.

மண்சரிவைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனம் வராது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மண் சரிந்து கிடந்தது. இன்னமும் சரிவுகளில் செம்மண் காயாத புண் மாதிரித் தெரிகிறது, அதற்கு நேர் கீழே சமதரையாக ஒரு இடம் இருந்தால் அது டென்டுக்காகச் செய்த சமதரை இல்லை, மேலேயிருந்து வந்து விழுந்த மண். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையைத் தூக்குங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினாலே முதல் எச்சரிக்கை வரும். புறப்படுகிற அன்று காலையில் அதைப் பார்க்காமல் வேனில் ஏறாதீர்கள். மஞ்சள் என்றால் நான் வேன் எடுக்க மாட்டேன், முற்பணத்தைத் திருப்பித் தந்துவிடுவேன்.

தலைக்கு மேலே பார்க்க இன்னும் இரண்டு. யூகலிப்டஸ் மரத்தடியில் டென்ட் அடிக்காதீர்கள், காற்றே இல்லாத நாளிலும் கொப்பு முறிந்து விழும் மரம் அது. அப்புறம், குளவி. இதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யாரும் யோசிப்பதில்லை. தோட்டத்துப் பெரிய மரங்களிலும் பாறை இடுக்கிலும் குளவிக் கூடும் மலைத்தேனீக் கூடும் இருக்கும். நீங்கள் இரவில் அடியில் நெருப்பு மூட்டுவீர்கள், புகை மேலே போகும், அவை கலையும். உங்களைக் கொட்டலாம், கொட்டாமலும் விடலாம். காலை 9 மணிக்கு நீங்கள் டென்டைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். அந்த மலையில் அன்றைக்குக் கொழுந்து எடுக்க வருகிற பொம்பளைகள் கூடையோடு ஓடுவார்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள். என் பெரியம்மா மகள் ஒருத்தி மூன்று நாள் வார்டில் கிடந்தாள், அது யாருடைய நெருப்பால் என்று நான் சொல்லவில்லை, காகம் இடித்தும் கலையும், கழுகு இடித்தும் கலையும். ஆனால் நெருப்பு மூட்டுமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு தெரியாவிட்டாலும் லயத்தில் கேளுங்கள், எந்த மரத்தில் எத்தனை கூடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இனிக் கீழே.

தோட்டத்தில் குழாய் என்பது நகர சபை விடுகிற குழாய் இல்லை. மேலே காட்டு ஓரத்தில் ஒரு ஊற்று, அதை மறித்து ஒரு தொட்டி, அதிலிருந்து கறுப்புக் குழாய், முடிவில் பீலி. அந்தப் பீலியில்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், சோறு வடிக்கிறோம். சுத்திகரிப்பு என்று நடுவில் ஒன்றும் இல்லை. "ஓடையில் சுத்தமான தண்ணீர், அப்படியே குடிக்கலாம்" என்று நீங்கள் எதைப் பார்த்துச் சொல்கிறீர்களோ அது எங்கள் தொட்டிக்கு வருகிற தண்ணீர். அதில் ஷாம்பூ போட்டுக் குளித்தால், கறிச்சட்டியை உரசிக் கழுவினால், காலையில் அதன் பக்கத்தில் ஒதுங்கினால், அது எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை வாளியில் மொண்டு தள்ளிப் போய்ப் பாவியுங்கள். ஒதுங்குவதற்கு ஓடையிலிருந்து குறைந்தது 60 மீற்றர், ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, மண் போட்டு மூடுங்கள். சரிவு என்றால் 60 போதாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், ஏனென்றால் உங்களுக்கு மேலேயும் ஒரு லயம் இருக்கலாம், அங்கே என் பெரியம்மா மாதிரி ஒருத்தி சட்டி கழுவிக்கொண்டிருக்கலாம்.

விறகு. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள், அந்தக் குச்சிதான் மிலாறு. தோட்டத்து அடுப்பு எரிவது அதில்தான். வேலை முடிந்து வரும்போது ஒரு கட்டு கட்டி, தூக்க முடியாவிட்டால் ரோட்டோரம் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துப் போவார்கள். போன வருஷம் ஒரு கூட்டம் அப்படி வைத்திருந்த ஆறு கட்டையும் ஒரே இரவில் எரித்துவிட்டது. காட்டில் கிடந்த விறகு என்று நினைத்தார்களாம். காட்டில் விறகு கயிறு போட்டுக் கட்டியா கிடக்கும்? ஆறு வீட்டு அடுப்பு. அதில் ஒன்று எங்கள் அம்மாவுடையது. 71 வயதில் அவள் அதைச் சுமந்து வந்ததே எங்களுக்குத் தெரியாமல், தெரிந்தால் ஏசுவோம் என்று. கேஸ் அடுப்பு கொண்டு வாருங்கள், இல்லையென்றால் கட்டுக்குக் காசு கொடுத்து வாங்குங்கள்.

எலும்பையும் மிச்ச இறைச்சியையும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நாய் வரும், பன்றி வரும், அவற்றின் பின்னால் சிறுத்தை லயத்துப் பக்கம் இறங்கும். பன்றிக்கு வைக்கிற கம்பி வலையில் கடைசியில் மாட்டுவதும் அதுதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்தது, நாடே பேசியது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும், அதற்கு மேல் அட்டையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, கொஞ்சம் இரத்தம் குடித்துவிட்டுப் போகட்டும்.

அனுமதி விஷயம். காடு என்றால் வன இலாகா, தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களம், தேயிலை நிலம் என்றால் தோட்ட நிர்வாகம். சொந்தக்காரன் இல்லாத நிலம் என்று மலையகத்தில் ஒரு சாண் கிடையாது, குளக்கரையும் அதில் அடக்கம். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றையும் 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக எடுத்தது. அங்கே நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது, முன்கூட்டியே கேட்டு, ஒதுக்கிய இடத்தில்தான். ஹோர்ட்டன் வாசலில் பொலித்தீன் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார்கள், போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலையும் உரிக்கச் சொல்வார்கள், அதற்கு முகம் சுளிக்காதீர்கள். அனுமதி வாங்குவது சுலபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு முறை ஒரு கடிதத்துக்காக மூன்று கந்தோர் ஏறி, கடைசிக் கந்தோரில் முதல் கந்தோருக்கே போகச் சொன்னார்கள். ஏறித்தான் ஆக வேண்டும். அப்புறம், எங்கே தங்கினாலும் பக்கத்து லயத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று. பொலிஸுக்கு 119 உம் அம்புலன்ஸுக்கு 1990 உம் போனில் இருக்கட்டும், ஆனால் பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, முதலில் வந்து நிற்கப்போவது அந்த லயத்து ஆள்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வேலை இல்லை, காசல்ரீப் பக்கம் இரண்டு இடம் போய்ப் பார்த்தேன். முதலாவது நீங்கள் படம் அனுப்பின அந்தப் புல் முனை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது செம்மண் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, வெளியே வர ஒரே வழி, அதுவும் மழை பெய்தால் சறுக்கு மரம். வேண்டாம்.

இரண்டாவது, தோட்டத்துக்குச் சொந்தமான பழைய மட்டம், முன்பு நாற்று மேடை போட்டிருந்த இடம். தண்ணீர் 200 யார் கீழே, கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டே குளம் தெரியாது, பத்து அடி நடந்தால் தெரியும். சுற்றி மரம் உண்டு, யூகலிப்டஸ் இல்லை, கூடு இல்லை, பார்த்துவிட்டேன், கேட்டும்விட்டேன். வேன் பக்கத்தில் வரை வரும், இறங்க இரண்டு பாதை. கிழக்குப் பக்கம் திறந்திருப்பதால் காலையில் வெயில் நேரே டென்டில் அடிக்கும், ஈரம் சீக்கிரம் காயும். தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், 14 பேரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு எனக்கு அனுப்புங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இடத்துக்கு ஒரு தொகை கேட்பார்கள், பேரம் பேசாதீர்கள், 14 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கொத்து ரொட்டிக் காசு.

ஆட்கள் இருப்பார்கள். கீழே ஒரு லயம், 12 வீடு. காலையில் ஆறு மணி வரை பீலியில் பொம்பளைகள் குளிப்பார்கள், அந்த நேரம் அந்தப் பக்கம் போகவேண்டாம், ட்ரோன் ஏதும் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இரவு 9 மணிக்கு மேல் பாட்டு வேண்டாம், அவர்கள் விடியும் முன்பே எழும்ப வேண்டும். சனிக்கிழமை காலை ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் தருவதாக மூன்றாவது வீட்டு அக்கா சொன்னார், தலைக்கு என்ன என்பதை அவரிடமே கேளுங்கள். மிலாறு நாலு கட்டு விலை பேசி வைத்திருக்கிறேன், கயிறு போட்டுக் கட்டித்தான் இருக்கும்.